ஆடியில் எரு, தையில் நாற்று: கால் ஏக்கரில் நஞ்சில்லா மரக்கறித் தோட்டம்

மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் மரக்கறித் தோட்டம் போட நினைக்கிற குடும்பங்கள் பெரும்பாலும் ஐப்பசியில் முதல் மழை இறங்கியதும் விதைக் கடைக்குத்தான் ஓடுகின்றன. கார்த்திகையில் வெள்ளம், மார்கழியில் அழுகல், தையில் வெறும் பாத்தி. பசளை மூட்டையும் மருந்துப் போத்தலும் கையில் இருப்பவர் ஒருவாறு சமாளித்துவிடுவார். அவை இரண்டும் இல்லாமல் செய்யப்போகிறவருக்கு அந்த ஒழுங்கு சரிவராது. ஆடியில் எரு குவித்து, புரட்டாதிக்குள் தண்ணீரைச் சோதித்து, மாரியில் மண்ணுக்குள் புரட்டுவதற்காகச் சணல் விதைத்து, தைப்பொங்கல் கழிந்த பிறகுதான் நாற்றை வெளியே எடுக்க வேண்டும்.

கீழே வரும் அளவுகள் எல்லாம் கால் ஏக்கருக்கு, அதாவது 40 பேர்ச்சுக்கு. இரண்டு பேர் நாளுக்கு மூன்று மணித்தியாலம் ஒதுக்கினால் பார்த்துக்கொள்ளலாம். முதல் வருடம் அதற்கு மேல் போகாதீர்கள்.

1. கிணற்றை வரண்ட காலத்தில் பாருங்கள்

காணி பார்க்கப் போகும் மாதமே பாதி முடிவு. மாசியில் எந்தக் கிணறும் நிறைந்துதான் இருக்கும். கச்சான் காற்று வீசி ஓயும் ஆவணி, புரட்டாதியில் போய்ப் பாருங்கள். (கச்சான் என்றதும் கடலை நினைவுக்கு வருபவர்களுக்கு: மேற்கிலிருந்து அனல்போல வரும் அந்தக் காற்று ஒரே பின்னேரத்தில் பாகற் பூவைக் கருக்கிவிடும்.)

கால் ஏக்கர் ஏறத்தாழ 1,000 சதுர மீற்றர். வெயில் காலத்தில் பயிரும் மண்ணும் சேர்ந்து நாளுக்கு 5 மில்லிமீற்றர் அளவு தண்ணீரை இழக்கும். அது 5,000 லீற்றர். ஆகவே கிணற்றைச் சோதிப்பது இப்படி: பின்னேரம் நீர்மட்டத்தைக் கயிற்றில் முடிச்சுப் போட்டுக் குறியுங்கள். 5,000 லீற்றர் இறையுங்கள். மறுநாள் காலை அதே முடிச்சுக்கு மட்டம் ஏறியிருக்கிறதா பாருங்கள். மூன்று நாள் தொடர்ந்து ஏறினால் அந்தக் கிணறு போதும். இரண்டாம் நாளே ஒரு சாண் குறைந்தால், 20 பேர்ச்சோடு நில்லுங்கள் அல்லது வேறு காணி தேடுங்கள்.

அடுத்தது உப்பு. எழுவான்கரையில் கடலுக்கும் வாவிக்கும் நடுவே உள்ள மணலில் மழைநீர், உப்புத் தண்ணீரின் மேல் ஒரு படலமாக மிதக்கிறது. பெரிய பம்பைப் போட்டு ஒரு மணித்தியாலத்தில் உறிஞ்சினால் கீழே உள்ள உப்பு மேலே ஏறும். தண்ணீர் காணவில்லை என்று கிணற்றை ஆழமாக்கினால் நிலைமை இன்னும் மோசமாகும். ஆழமில்லாத, அகன்ற துரவு இரண்டு வெட்டி, சிறிய பம்பால் காலையும் மாலையும் மெதுவாக இறைப்பதே இங்கே நிலைக்கும் முறை.

தண்ணீரின் உப்பைக் காட்டும் கையடக்க மின்கடத்துமானியில் அளந்தால் 700 மைக்ரோசீமன்ஸுக்குக் கீழ் இருப்பது எந்தப் பயிருக்கும் நல்லது. 700 முதல் 3,000 வரை பயிரைத் தெரிந்தெடுக்க வேண்டும்: போஞ்சி, வெங்காயம் முதலில் கருகும், கொச்சியும் (மிளகாய்) கத்தரியும் இளைக்கும், தக்காளி ஓரளவும் பீட்ரூட் நன்றாகவும் தாங்கும். 3,000க்கு மேல் போனால் மரக்கறியை விட்டுவிடுங்கள். மானி உங்களிடம் இல்லையென்றால் ஒரு போத்தல் தண்ணீரை விவசாயப் போதனாசிரியரிடம் கொண்டுபோய் எங்கே அளக்கலாம் என்று கேளுங்கள். நாக்கில் உப்புத் தெரியும்வரை காத்திருந்தால் காலம் கடந்துவிடும்.

வாவிக்கு மேற்கே படுவான்கரைக் காணிகளில் உப்புக் கவலை குறைவு, வெள்ளக் கவலை கூட. பக்கத்து வீட்டாரிடம் ஒரே கேள்வி: 2011 ஜனவரியிலும் 2024 நவம்பரிலும் இந்தக் காணியில் தண்ணீர் எங்கே நின்றது? முழங்காலுக்கு மேல் என்றால் அது வயலுக்கு ஏற்ற காணி.

2. காணிக் கடதாசி

உறுதிக் காணி என்றால் காணிப் பதிவகத்தில் தேடுதல் செய்து, யார் பெயரில் இருக்கிறது, ஈடு வைக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். போரிலும் சுனாமியிலும் உறுதியைத் தொலைத்த குடும்பங்கள் இங்கே ஏராளம். பதிவு செய்யப்பட்ட உறுதியென்றால் உறுதிப்படுத்திய பிரதியைப் பதிவகத்திலேயே எடுக்கலாம்.

அரச அனுமதிப்பத்திரக் காணி என்றால் அதன் உரித்தாளர் பிரதேச செயலாளரின் எழுத்துமூல சம்மதமின்றி அதை விற்கவோ குத்தகைக்குக் கொடுக்கவோ முடியாது. “நம்மட ஆள்தானே” என்று வாய்ப்பேச்சில் எடுத்து, வேலியும் கிணறும் போட்டு, மண்ணையும் தேற்றிய பிறகு காணியைத் திருப்பிக் கேட்பதுதான் வழக்கமாக நடக்கும் சண்டை.

குத்தகைக்கு எடுத்தால் குறைந்தது மூன்று வருடம் எழுதுங்கள். நஞ்சில்லாத் தோட்டத்தில் முதல் வருடம் மண்ணுக்கே போய்விடும். இலங்கைச் சட்டப்படி ஒரு மாதத்துக்கு மேற்பட்ட காணிக் குத்தகை நொத்தாரிசு முன்னிலையில் எழுதப்பட்டால்தான் செல்லும். முத்திரை ஒட்டி இரண்டு சாட்சி வைத்து வீட்டில் எழுதிய கடதாசி வழக்கில் நிற்காது. நொத்தாரிசுக் கட்டணத்தையும் முத்திரைத் தீர்வையையும் முதலிலேயே கேட்டு, செலவில் சேர்த்துவிடுங்கள். ஒப்பந்தத்தில் மூன்று விடயம் தெளிவாக இருக்கட்டும்: கிணறும் வேலியும் யாருடையவை, இடையில் நிறுத்தினால் எத்தனை மாத அறிவித்தல், காணிக்காரர் களைநாசினி அடிக்கமாட்டார் என்ற வாக்கியம். கடைசியை எழுதச் சொன்னால் சிரிப்பார்கள். எழுதாவிட்டால் ஒரு நாள் உங்களுக்கு உதவுவதாக நினைத்து வேலிக்கரைப் புல்லுக்கு அடித்துவிடுவார்கள்.

வயலாகப் பதிவான காணியை மண் போட்டு மேடாக்க கமநல அபிவிருத்தித் திணைக்களத்தின் எழுத்து அனுமதி வேண்டும். அனுமதி இல்லாமல் ஒரு டிப்பர் மண்ணும் கொட்டாதீர்கள்.

3. கமநல சேவை நிலையத்தில் பதிவு

உங்கள் பிரிவுக் கமநல சேவை நிலையத்தில் விவசாயியாகப் பதிந்து, அந்தப் பகுதிக் கமக்காரர் அமைப்பில் சேருங்கள். மானியமோ வெள்ள நிவாரணமோ வரும்போது பெயர்ப் பட்டியல் அங்கிருந்துதான் எடுக்கப்படும். தேசிய அடையாள அட்டை, உறுதி அல்லது அனுமதிப்பத்திரம் அல்லது குத்தகை ஒப்பந்தம், நில அளவைப் படம், வங்கிப் புத்தகத்தின் முதல் பக்கம், கிராம உத்தியோகத்தரின் வதிவிடச் சான்று: ஒவ்வொன்றிலும் மூன்று பிரதி எடுத்து ஒரே கோப்பில் வைத்துக்கொண்டு போங்கள். ஒன்று குறைந்தாலும் இன்னொரு நாள் கூலி போகும்.

உங்கள் பகுதிக்கு எந்த விவசாயப் போதனாசிரியர் பொறுப்பு, எந்தக் கிழமை அலுவலகத்தில் இருப்பார் என்பதை அங்கேயே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். அம்பாறையில் சில பிரிவுகள் மாகாணத் திணைக்களத்தின் கீழும் சில மத்திய திணைக்களத்தின் கீழும் வருவதால், பக்கத்து ஊர்க்காரரின் போதனாசிரியர் உங்களுடையவராக இல்லாமல் போகலாம். அவசரச் சந்தேகத்துக்கு விவசாயத் திணைக்களத்தின் 1920 என்ற தொலைபேசி இலக்கம் இருக்கிறது.

காப்புறுதி பற்றி ஒரு சொல்: அரச பயிர்க் காப்புறுதி நெல், சோளன், மிளகாய் போன்ற குறித்த பயிர்களைச் சுற்றியே இருக்கிறது. கத்தரியும் பாகலும் தானாகச் சேர்ந்துவிட்டன என்று எண்ண வேண்டாம், கேட்டுப் பாருங்கள்.

4. மண் மாதிரி

காணி முழுவதும் வளைந்து வளைந்து நடந்து 12 இடத்தில், மேற்புல்லை விலக்கி, 15 சென்ரிமீற்றர் ஆழத்துக்கு ஒரே அளவாக மண் எடுங்கள். வாளியில் கலந்து, தரையில் பரப்பி நாலாகப் பிரித்து எதிரெதிர் இரண்டு பங்கை எறிந்துவிடுங்கள். அரைக் கிலோ மிஞ்சும்வரை அப்படியே செய்து, நிழலில் உலர்த்திப் புதுப் பொலித்தீன் பையில் கட்டுங்கள். யூரியா வந்த பையில் கட்டிக் கொடுத்தால் முடிவு வேடிக்கையாக இருக்கும். எரு குவித்த இடம், மாடு கட்டிய இடம், மர நிழல் ஆகியவற்றை விட்டுவிடுங்கள். அமில காரத்தன்மை, மின்கடத்தல், சேதனப் பொருள், பொசுபரசு, பொற்றாசியம் என்று ஐந்தையும் பார்க்கச் சொல்லுங்கள். பெறுபேறு வரச் சில வாரம் எடுக்கும் என்பதால் ஆவணிக்குள் கொடுத்துவிட வேண்டும்.

5. எரு

இதில் பிழைவிட்டால் மற்ற எல்லாம் பிழையாகிவிடும். பிழை தொடங்குவது பெரும்பாலும் அளவில்.

விவசாயத் திணைக்களம் பொதுவாகச் சொல்லும் சேதனப் பசளை அளவு ஹெக்டேயருக்கு 10 தொன். கால் ஏக்கருக்கு அது ஒரு தொன். ஆனால் அந்த அளவு, மேலே யூரியாவும் போடுவார்கள் என்ற கணக்கில் உள்ளது. நல்ல கூட்டெருவில் நைதரசன் நூற்றுக்கு ஒன்று, ஒன்றரைதான். ஒரு தொன்னில் 10 முதல் 15 கிலோ. அதிலும் முதல் போகத்தில் பயிருக்குக் கிடைப்பது மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வராது. கத்தரியோ கொச்சியோ கால் ஏக்கருக்கு 10 கிலோ அளவில் நைதரசன் கேட்கும். ஆகவே மணல் நிலத்தில் முதல் வருடம் இரண்டு தொன் எருவும், அதற்கு மேல் ஒரு பசுந்தாட் பயிரும் (சணல்போலப் பச்சையாகவே வெட்டி மண்ணில் புரட்டுவது) தேவை. “ஒரு மெசின் பெட்டி எரு போட்டேன், செடி மஞ்சளாகவே நிற்குது” என்பதற்குக் காரணம் இதுதான்.

ஐந்தடி அகலம், ஐந்தடி நீளம், நாலடி உயரத்தில் ஒரு குவியல் போட்டால் முடிவில் ஏறத்தாழ 600 கிலோ வரும். ஆகவே மூன்று குவியல், மீதிக்குப் பட்டி எரு (மாட்டுப் பட்டியில் அள்ளுவது).

அடியில் அரையடி தடிமனுக்குத் தடிகளும் சோளன் தட்டையும். அதன்மேல் வைக்கோல் எட்டு அங்குலம், கிளிரிசீடியா, பூவரசு போன்ற பச்சை இலை நாலு அங்குலம், மாட்டுச் சாணக் கரைசல் இரண்டு அங்குலம். இதே வரிசையில் மேலே போங்கள். வைக்கோலைச் சாண் நீளத்துக்கு வெட்டி, முதல் நாள் இரவே நனைத்துவைக்க வேண்டும். உலர்ந்த நீள வைக்கோல் கூரைபோலத் தண்ணீரை வழித்துவிடும், உள்ளே ஒன்றும் நடக்காது. சிறுபோக அறுவடை முடிந்ததும் வயலில் கிடக்கும் வைக்கோலை அநேகர் எரிக்கிறார்கள். கேட்டால் சும்மா தருவார்கள், ஏற்றும் கூலி மட்டும் உங்களுடையது.

குவியலின் நடுவே ஒரு இரும்புக் கம்பியைக் குத்திவிடுங்கள். நாலாம் நாள் கம்பியை இழுத்து, உள்ளே இருந்த பகுதியைக் கையால் பிடித்துப் பாருங்கள். பிடித்துக்கொண்டிருக்க முடியாத சூடு இருந்தால் சரி. கம்பி குளிர்ந்து, நுனி உலர்ந்திருந்தால் தண்ணீர் போதாது. குளிர்ந்து, நாற்றமடிக்கும் ஈரத்தோடு வந்தால் தண்ணீர் கூடிவிட்டது, பிரித்து உலர்ந்த வைக்கோலைச் சேருங்கள். மூக்கைக் குத்தும் மணம் வந்தால் பச்சை இலையோ கோழி எருவோ அதிகம். 15ஆம் நாள், 30ஆம் நாள், 45ஆம் நாள் வெளியே இருந்ததை உள்ளே போட்டுப் புரட்டுங்கள். மூன்று மாதத்தில் ஆறிவிடும். மாரி தொடங்குமுன் கிடுகால் மூடுங்கள், இல்லாவிட்டால் சத்து மழையோடு போய்விடும்.

வாங்கும் எருவில் உள்ள பொறிகள்:

பட்டி எருவை ஆடி, ஆவணியில் காய்ந்ததாக வாங்குங்கள். மாரியில் தண்ணீருக்கும் சேர்த்துத்தான் காசு கொடுப்பீர்கள். பெட்டியைக் கொட்ட விடுமுன் கையால் கிளறிப் பாருங்கள். கறுப்பு மணிபோலக் கோரைக் கிழங்கு ஒன்று தென்பட்டாலும் திருப்பி அனுப்புங்கள். களைநாசினி இல்லாமல் கோரையை ஒழிப்பது வருடக்கணக்கான வேலை.

பிறொயிலர்க் கூட்டுக் கோழி எரு சூடு கூடியது. இரண்டு மூன்று மாதம் மக்காமல் போட்டால் நாற்று கருகும்.

மீன் கழிவு இந்தக் கரையில் மலிவான சத்து. ஒரு கிலோ கழிவுக்கு ஒரு கிலோ சர்க்கரை சேர்த்து, மூடிய வாளியில் ஒரு மாதம் வைத்து வடித்தால், லீற்றருக்கு 5 மில்லிலீற்றர் கலந்து இலைக்குத் தெளிக்கலாம். கருவாட்டுப் பட்டறைக் கழிவை மட்டும் எடுக்காதீர்கள், அது உப்பு. வாளியின் மேல் கல் வையுங்கள், நாயும் கபரக்கொய்யாவும் சும்மா விடாது.

வாவியில் மிதக்கும் ஆகாயத்தாமரை நல்ல குவியல் பொருள். நகர வடிகால் வந்து விழும் இடத்தில் அள்ளவேண்டாம்.

6. வேலி

சதுரமான கால் ஏக்கரின் சுற்றளவு ஏறத்தாழ 420 அடி. எட்டடிக்கு ஒரு கட்டை என்றால் 52 கட்டை. ஐந்து வரி முள்ளுக்கம்பிக்கு 2,100 அடி, அதாவது 640 மீற்றர். முதல் வருடத்தின் மிகப் பெரிய செலவு பெரும்பாலும் இதுதான். குறைக்க நினைத்து மூன்று வரி போடுகிறவர்கள், பெரும்போக விதைப்போடு வயலிலிருந்து துரத்தப்படும் கட்டாக்காலி மாடுகளுக்குத் தோட்டத்தைக் கொடுக்கிறார்கள். ஆடு உள்ள ஊரில் கீழே இரண்டடிக்கு வலையும் வேண்டும். கட்டைகளுக்கு இடையே முதல் மழையோடு கிளிரிசீடியாத் தடி ஊன்றிவிட்டால், மூன்றாம் வருடம் கட்டையும் அதுவே, பச்சை இலையும் அதுவே.

யானை வரும் வழியில் காணி இருந்தால் வாழையும் பூசணியும் வைக்காதீர்கள். வீட்டு மின்சாரத்தை வேலிக் கம்பிக்குக் கொடுப்பது சட்டவிரோதம். அதில் மனிதர் செத்துப் போகிறார்கள்.

பக்கத்தில் வயல் இருந்தால் அந்தப் பக்கம் மூன்று மீற்றராவது பயிரில்லாமல் விட்டு, இறுங்கோ சோளனோ நெருக்கமாக விதையுங்கள். காற்றில் வரும் மருந்துத் தூவலை ஓரளவு தடுக்கும். வயல் வடிகால் தண்ணீர் உள்ளே வராமல் ஒன்றரையடி வரம்பும் வேண்டும்.

7. மாரியில் சணல்

ஐப்பசி முதல் மழையோடு, காணி முழுவதும் சணல் விதை ஆறு கிலோ வீசிவிடுங்கள். தண்ணீர் நிற்கும் பள்ளத்துக்கு மட்டும் தக்கைப்பூண்டு. சணல் விதை கிடைக்காவிட்டால் கௌபி. 45, 50 நாளில் முதல் பூ காணும்போது வெட்டி மண்ணுக்குள் புரட்டுங்கள். பிந்தினால் தண்டு நாராகி மக்காது. புரட்டியபின் மூன்று வாரம் எதையும் நடக்கூடாது. மணலில் கத்தரி, வெண்டி வேர்களை முடிச்சுப்போட வைக்கும் வட்டப்புழுவையும் சணல் குறைக்கும். அதற்காகவே இந்தப் படியைத் தாண்டாதீர்கள்.

8. நாற்றும் பாத்தியும்

மார்கழிக் கடைசியில் நாற்றுமேடை. மேடையில் வைக்கோலும் உமியும் அடுக்கடுக்காகப் போட்டு எரித்து ஆறவிட்டு விதைத்தால் அடியழுகல் குறையும். மழைக்கு மேலே பொலித்தீன் கூடாரம், பக்கங்கள் திறந்திருக்க வேண்டும்.

இளஞ்சிவப்பு, நீலம் என்று பூச்சுப் பூசிய விதை இரசாயன மருந்திட்டது, வேண்டாம். கலப்பினச் செடியில் எடுக்கும் விதை அடுத்த வருடம் தாய்ச்செடிபோல வராது. கொச்சியில் எம்.ஐ. 2, கே.ஏ. 2, வெண்டியில் ஹரித, பாகலில் எம்.சி. 43, புடலில் டீ.ஏ. 2 போன்ற திணைக்கள இனங்களில் தொடங்குங்கள். கத்தரிக்கு ஊரில் நன்றாகக் காய்த்த செடியின் விதை கிடைத்தால் அதுவே மேல்.

எத்தனை செடி என்பதைக் காணி தீர்மானிக்கக்கூடாது, வாங்கும் வீடுகள் தீர்மானிக்கட்டும். கத்தரி மூன்றடிக்கு இரண்டடி இடைவெளியில் ஏழு பேர்ச்சில், நடைவழி போக, 250 செடி வரும். செடிக்கு இரண்டு கிலோ என்று குறைத்துப் பிடித்தாலும் மூன்று மாதத்தில் 500 கிலோ, கிழமைக்கு 40. கிழமைக்கு அரைக் கிலோ வாங்கும் வீடுகள் 25 இருந்தால் 12 கிலோதான் போகும். மீதி மொத்தச் சந்தையில், மருந்தடித்த கத்தரி விலைக்கு. ஆகவே கத்தரி 80, கொச்சி 150, தக்காளி 80, வெண்டி 150, பயற்றை நாலு வரி, பாகல், புடல், பீர்க்கு ஒவ்வொன்றும் பத்துக் குழி, கீரை பத்து நாளைக்கொரு பாத்தி. வெண்டியையும் பயற்றையையும் மூன்று கிழமை இடைவெளியில் இரண்டு தவணையாக விதையுங்கள்.

மேட்டுப்பாத்தி எங்கும் நல்லது என்று படித்துவிட்டு, மாசியில் மணலில் மேட்டுப்பாத்தி போடுகிறவர்கள் உண்டு. தண்ணீர் பக்கவாட்டில் வடிந்து, செடி பத்து மணிக்கே வாடும். மாரியில் மேடு, கோடையில் தரைமட்டத்துக்கு மூன்று அங்குலம் தாழ்ந்த பாத்தி. வைக்கோல் மூடாக்கு இரண்டு அங்குலம், செடித்தண்டிலிருந்து ஒரு சாண் தள்ளி. ஒட்டிப் போட்டால் கறையான் தண்டுக்கு ஏறும்.

நடுகை தைப்பொங்கலுக்குப் பின். வெண்டி 45 முதல் 50 நாளில், பயற்றை 55 நாளளவில், பாகல் 60இல், கத்தரி நட்டு 60, 70 நாளில் காய் தரும். சித்திரை வருடப்பிறப்புச் சமையலுக்கு எல்லாம் கையில் இருக்கும்.

9. பூச்சியும் வாடலும்

கத்தரியில் ஒரு காலை, நுனிக் குருத்து மட்டும் தலை தொங்கி நிற்கும், கீழ் இலைகள் நன்றாக இருக்கும். அது தண்ணீர்க் குறைவில்லை. அந்தக் குருத்தை விரல் நீளத்துக்குக் கீழே வெட்டிப் பிளந்து பாருங்கள், நடுவில் இளஞ்சிவப்புப் புழு ஒன்று இருக்கும். தண்டு, காய் துளைப்பான். கிழமைக்கு இரண்டு தடவை இப்படிக் குருத்து வெட்டி எரித்தால் காய்ப்பருவத்தில் சேதம் வெகுவாகக் குறையும். வெட்டியதை வரம்பில் எறிந்தால் புழு கூட்டுப்புழுவாகித் திரும்பி வரும்.

செடி முழுவதுமே பச்சையாக இருக்கும்போதே ஒரே நாளில் வாடினால் பற்றீரியா வாடலைச் சந்தேகியுங்கள். அடித்தண்டை வெட்டி, தெளிந்த தண்ணீர் உள்ள கண்ணாடிக் குவளையில் நிறுத்துங்கள். சில நிமிடத்தில் வெட்டுவாயிலிருந்து வெள்ளைப் புகைபோல நூல் இறங்கினால் அதுதான். மருந்து கிடையாது. வேரோடு பிடுங்கி எரித்து, அந்த இடத்தில் மூன்று வருடம் கத்தரி, தக்காளி, கொச்சி வைக்காதீர்கள். அந்த மண் ஒட்டிய மண்வெட்டியைக் கழுவாமல் அடுத்த பாத்திக்குக் கொண்டுபோனால் நோயையும் நீங்களே கொண்டுபோகிறீர்கள்.

பாகலும் பீர்க்கும் வளைந்து மஞ்சளாவது பழ ஈயால். கடையில் ‘பழ ஈப் பொறி’ என்று கேட்டால் மாம்பழ ஈக்கான மெத்தில் யூஜினோலைத் தருவார்கள். கொடி மரக்கறியின் ஈ அதற்கு வராது, கியூ லூர் என்று பெயர் சொல்லிக் கேளுங்கள். பொறி ஆண் ஈயை மட்டும்தான் பிடிக்கும். பிஞ்சு விரல் நீளமாகுமுன் பத்திரிகைத் தாள் பையால் மூடுவதே நிச்சயம். விழுந்த காயை இரண்டடி ஆழத்தில் புதையுங்கள்.

கொச்சி இலை சுருள்வதற்குப் பனிப்பூச்சியும் சிற்றுண்ணியும் வெண் ஈயும் காரணம். சுருண்ட பிறகு செய்வதற்கு அதிகமில்லை. நட்டு பத்தாம் நாளிலிருந்து கிழமைக்கொரு தடவை வேப்பங்கொட்டைக் கரைசல்: இடித்த பருப்பு அரைக் கிலோவைப் பத்து லீற்றர் தண்ணீரில் இரவு ஊறவைத்து, துணியில் வடித்து, சவர்க்காரம் சிறிது கரைத்து, வெயில் தாழ்ந்தபின் இலையின் அடிப்பக்கம் படத் தெளியுங்கள். மறுநாளுக்கு மிச்சம் வைத்தால் பலன் இராது. வேம்பு பழுக்கும் காலத்தில் கொட்டை பொறுக்கி நிழலில் உலர்த்தி ஐந்து கிலோ சேர்த்துவையுங்கள். புகையிலைக் கஷாயம் ‘இயற்கை’ என்று பலர் சொல்வார்கள். அதிலுள்ள நிக்கொட்டின் கடும் நஞ்சு, சேதனச் சான்றிதழ் விதிகள் அதை ஏற்காது.

வெண்டி இலை நரம்பு மஞ்சளித்தால் அந்தச் செடியை அன்றே பிடுங்குங்கள். பார்க்கப் பாவமாகத்தான் இருக்கும்.

10. செலவுக் கணக்கு

ரூபாய் ஒவ்வொரு போகமும் மாறுவதால் அளவைத் தருகிறோம், ஊர் விலையால் பெருக்குங்கள். ஒரு தடவைச் செலவு: வேலி மேலே சொன்னபடி, ஒன்றரை அங்குலப் பம்ப் ஒன்று, 200 அடிக் குழாய், 1,000 லீற்றர்த் தாங்கி, இரண்டு மண்வெட்டி, ஒரு தெளிகருவி. அந்தத் தெளிகருவி புதியதாக இருக்கட்டும், களைநாசினி அடித்ததைக் கழுவிப் பாவித்தால் தக்காளி காட்டிக்கொடுத்துவிடும். போகச் செலவு: லாண்ட்மாஸ்டர் (இரு சில்லு உழவு இயந்திரம்) உழவு இரண்டு தடவை, எரு இரண்டு தொன், பாத்தி பிடிக்க ஆறு முதல் எட்டு ஆள் கூலி, பந்தலுக்குத் தடியும் கயிறும், விதை, நாலு மாத எரிபொருள் அல்லது மின்சாரம். விதைச் செலவு மிகச் சிறியது. 80 கத்தரிக்கு ஒரு கிராம் விதையே தாராளம், பெரிய பேணி வாங்காதீர்கள். சொட்டு நீர் மணலுக்கு நல்லது. ஆனால் தண்ணீரில் இரும்புக் காவி இருந்தால் துளைகள் அடைபடும், வடிகட்டி இல்லாமல் போடவேண்டாம்.

ஆடியில் செலவு தொடங்கி பங்குனியில்தான் முதல் காசு வரும். எட்டு மாதம் வீட்டுச் செலவுக்கு வேறு வழி இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

11. விற்பதும் சான்றிதழும்

சைவ வீடுகளில் வெள்ளிக்கிழமை மரக்கறிச் சமையல், பல வீடுகளில் செவ்வாயும் உண்டு. வியாழன், திங்கள் பின்னேரங்களில் பறித்து அன்றிரவே கொடுத்தால் விலை பேசும் வேலையே குறையும். காத்தான்குடி, அக்கரைப்பற்று, நிந்தவூர்ப் பக்கம் நோன்பு மாதத்தில் கஞ்சிக்கு இலைவகை தேவைப்படும், அதற்கு ஒரு மாதம் முன்பே கீரை, வல்லாரைப் பாத்தியைக் கூட்டுங்கள். ஆடி அமாவாசை, கந்தசஷ்டி, கேதார கௌரி விரத நாள்களையும் நாட்காட்டியில் குறியுங்கள். விலையை மூன்று மாதத்துக்கு ஒரே அளவில் வையுங்கள். சந்தை விலை ஏறும்போது நீங்களும் ஏற்றினால், இறங்கும்போது வீடுகள் சந்தைக்குப் போய்விடும்.

சான்றிதழ்களில் குழப்பம் அதிகம். விவசாயத் திணைக்களம் தரும் ஜீ.ஏ.பி. சான்றிதழ் நல்ல விவசாய நடைமுறைக்கானது. அதில் இரசாயனம் விதிப்படி பாவிக்கலாம். அது சேதனச் சான்றிதழ் ஆகாது. ஏற்றுமதிக்கான சேதனச் சான்றிதழில் ஐரோப்பிய விதிப்படி குறுகிய காலப் பயிர்களுக்கு விதைப்புக்கு முன் இரண்டு வருட மாற்றக்காலமும், அமெரிக்க விதிப்படி கடைசியாக இரசாயனம் இட்ட நாளிலிருந்து அறுவடைக்கு மூன்று வருடமும் கடக்க வேண்டும். ஒவ்வொரு வருடமும் பரிசோதகர் வருவார், செலவு உங்களுடையது. தனியாகக் கால் ஏக்கருக்கு அது கட்டாது. ஊர்ச் சந்தைக்கு, பக்கத்து விவசாயிகள் ஒருவர் தோட்டத்தை ஒருவர் பரிசோதித்து உத்தரவாதம் கொடுக்கும் பங்கேற்பு முறை போதும். எந்தச் சான்றும் இல்லாதபோது ‘சான்றளிக்கப்பட்ட சேதன உற்பத்தி’ என்று லேபிள் அடிக்காதீர்கள்.

எந்த வழியில் போனாலும் முதல் நாளிலிருந்து ஒரு கொப்பி வேண்டும். எரு எங்கிருந்து எத்தனை கிலோ, விதைப் பைக்கற்றின் தொகுதி இலக்கம், எந்தப் பாத்தியில் என்ன, எந்தத் திகதி எதைத் தெளித்தீர்கள், பக்கத்து வயலில் என்று மருந்தடித்தார்கள், எத்தனை கிலோ பறித்தீர்கள். மாற்றக்காலம் எந்தத் திகதியில் தொடங்கியது என்பதைப் பரிசோதகர் இந்தக் கொப்பியிலிருந்துதான் எடுப்பார், ஆகவே பென்சிலால் எழுதாதீர்கள்.